காற்றைப் புறக்கணித்த கணக்கு

ஜூலை 8, செவ்வாய்

அதிசயமாகக் காற்று இல்லை. கடல் இரண்டு பக்கமும் எண்ணெய் ஊற்றி வைத்தது போல. வெயில் மட்டும். மாங்காய் கீறிக் கீறி விரலெல்லாம் எரிச்சல், உப்பும் மிளகாய்த்தூளும் ஏறி. சித்தி, "கீத்து தடியா இருக்கு, மெலிசாப் போடு" என்கிறாள். மெலிசாகப் போட்டால், "இது என்ன அப்பளமா?"

வாங்க: மிளகாய்த்தூள், பேப்பர்த் தட்டு, அம்மாவுக்கு இடுப்புத் தைலம்.

காலையில் அரிச்சல்முனையில் எங்கள் மாங்காய்க் கடைக்கு வழக்கம் போல அண்ணன் ஓட்டும் வேனில். எஞ்சின் மூடிக்குப் பக்கத்து சீட்டு, தொடை வெந்துவிடும். பின்னால் ராமேஸ்வரத்தில் ஏறிய வடக்கத்திக் கூட்டம். தீர்த்தமாடிய ஈரத்தலை வாசம். மடியில் பதினொன்றாம் வகுப்பு இயற்பியல். பள்ளியை விட்டு வந்தபோது திருப்பிக் கொடுக்கவில்லை, யாரும் கேட்கவில்லை. நேர்க்கோட்டு இயக்கம் பாடத்தோடு நின்றேன். போர்டுக்குக் கூப்பிட்டார்கள். விடை தெரியும். வாய் திறக்கவில்லை. சிரித்தார்கள். மறுநாள் வயிற்றுவலி என்றேன். அதற்கு அடுத்த வாரம் அம்மாவுக்கு இடுப்பு. அப்படியே விட்டுப்போனது.

தனுஷ்கோடி தாண்டினால் ரோடு ஒரே கோடு. வளைவு கிடையாது, மேடு கிடையாது. 'ஒரு பொருள் நேர்க்கோட்டில் செல்கிறது' என்று புத்தகத்தில் வருவதற்கு இதைவிடப் பொருத்தமான ரோடு எங்கே இருக்கும்.

இந்த ரோட்டில் டிரைவர்களுக்கு ஒரு விளையாட்டு. முனை நெருங்கும்போது எஞ்சினை அணைத்துவிட வேண்டும். வேன் தானாக ஓடித் தானாக நிற்க வேண்டும். பிரேக்கைத் தொடக் கூடாது. ரோடு முடியும் இடத்திலுள்ள தூண் வட்டத்துக்குக் கிட்டத்தில் யார் நிறுத்துகிறார்களோ அவர்களுக்கு மற்றவர்கள் டீ. அண்ணனுக்கு ஒரு நாளும் கிடைத்ததில்லை. பாதி வழியிலேயே நின்றுவிடும், அல்லது வட்டத்தில் மோதுவது போலப் போய் பிரேக் போடுவான். இன்றைக்கும் நடுரோட்டில் நின்றது. "ஏலே சகாயம், எறங்கி வந்து தள்ளவாலே?" என்று ஒரே சிரிப்பு.

திரும்பும்போது என்னவோ, வாய் திறந்துவிட்டேன். "அண்ணே, மெதுவா வந்து ஆஃப் பண்ணா ரோட்டோரக் கல்லு எத்தன தாண்டுதுன்னு பாரு. ரெண்டு மடங்கு வேகத்துல வந்தா அதுல நாலு மடங்கு ஓடும்."

"ரெண்டு மடங்குக்கு ரெண்டு மடங்குதான புள்ள?"

"இல்ல. நாலு."

"இது எந்த ஊருக் கணக்கு?"

v² = u² + 2as. பக்கத்தைக் காட்டினேன். ஓட்டிக்கொண்டிருந்தான், பார்க்கவில்லை.

ஜூலை 9, புதன்

இன்றும் காற்று இல்லை. ஐஸ்காரர் வரவில்லை.

அண்ணன் பார்த்துவிட்டான். இருபதில் வந்து அணைத்தால் ரோட்டோரக் கல் ஆறு ஓடியது. அப்படியானால் நாற்பதில் இருபத்துநாலு. வட்டத்திலிருந்து பின்னால் எண்ணிக்கொண்டே போய் அந்தக் கல்லில் நீல வலைக்கயிறு ஒன்றைக் கட்டினான். அடுத்த நடையில் கல் வந்ததும் சாவியைத் திருப்பினான்.

சத்தம் நின்றதும் காதில் பஞ்சு வைத்தது போல இருந்தது. டயர் மணலை அரைக்கிற சத்தம் மட்டும். பின்னால் இருந்தவர்களும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். வேகம் குறைந்து, குறைந்து, குறைந்து. ஒரே அளவாக. புத்தகத்தில் கோடு சாய்ந்து இறங்குமே, அதே போல. வட்டத்துக்கு ஒரு கை தூரத்தில் நின்றது.

"ஏலே! எப்டிலே?" என்று மற்ற டிரைவர்கள் ஓடி வந்தார்கள். அண்ணன் என்னைப் பார்க்காமல், "அதெல்லாம் தொழில் ரகசியம்லே" என்றான். சொல்லியிருந்தால் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்திருப்பார்கள், நான் செத்திருப்பேன். சொல்லாததும் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. எனக்கும் ஒரு டீ வாங்கிக் கொடுத்தான்.

பக்கத்துக் கடை பிலோமி அக்கா (வெள்ளரிக்காய், அன்னாசி, அந்த முனையில் அவள் குரல்தான் பெரிய குரல்) பார்த்துக்கொண்டே இருந்தாள். "ஏ வாயில்லாப்பூச்சி, என்ன தானா சிரிக்க? கல்யாணமா?" நான் மாங்காய்க் கூடைக்குள் குனிந்துகொண்டேன்.

உடம்பு அசதி. ஆனால் தூக்கம் வரவில்லை, வேறு மாதிரி.

ஜூலை 11, வெள்ளி

எழுதிவிடுகிறேன்.

காலையிலிருந்து மேல்காற்று, மேற்கிலிருந்து முனையைப் பார்த்து. ரோட்டில் மணல் ஊர்ந்துகொண்டே இருந்தது. மேல்காற்று நாளில் டிரைவர்கள் யாரும் அந்த விளையாட்டு விளையாட மாட்டார்கள். அது அவர்களுக்குள் கட்டுப்பாடு. அண்ணனுக்கும் தெரியும். நீலக்கயிறு கட்டிய கல் வரும்போது என்னைப் பார்த்தான்.

"காத்து இருக்கே புள்ள. பரவாயில்லையா?"

நான் சொன்னேன். நான்தான் சொன்னேன். "புத்தகத்துல காத்தக் கணக்குல சேக்க வேணாம்னுதான் போட்டிருக்கு."

சிரித்துக்கொண்டே சாவியைத் திருப்பினான்.

புதன்கிழமை போல வேகம் குறையவில்லை. காற்று பின்னாலிருந்து தள்ளியது. அண்ணன் பிரேக்கை லேசாகத் தொட்டு விட்டான். இன்னொரு தடவை தொட்டான். "ச்சே, தானா நிக்கட்டும்" என்றான். அப்போது பிலோமி அக்கா ரோட்டைக் கடந்துகொண்டிருந்தாள். தண்ணீர்க் கேன் இடுப்பில். மணலுக்காக முந்தானையைத் தலையில் போட்டு இழுத்துப் பிடித்திருந்தாள். முதுகு எங்கள் பக்கம்.

அண்ணன் பிரேக்கில் ஏறி நின்றே விட்டான். பெடல் இறங்கவில்லை. ஹாரன் அடிக்கவில்லை. இரண்டு கையும் ஸ்டியரிங்கில். நான் கத்தவில்லை. கத்த வேண்டும் என்று தெரிந்தது.

கேன் வெடித்த சத்தம். அப்புறம் அக்கா.

ஆட்கள் ஓடி வருவதற்குள் அண்ணன் செய்த முதல் வேலை, சாவியைத் திருப்பி எஞ்சினைப் போட்டது. பின்னால் இருந்த வடக்கத்திக் கூட்டத்துக்கு எதுவும் புரியவில்லை. நான் பார்த்தேன்.

கணுக்கால். உயிருக்கு ஒன்றுமில்லை. அண்ணன்தான் தூக்கி அதே வேனில் ஏற்றினான். அவன் சட்டையெல்லாம் தண்ணீர்.

ஜூலை 12, சனி

காற்று. கடை போடவில்லை. அம்மா செபமாலையோடு உட்கார்ந்திருக்கிறாள். அய்யா விசைப்படகில் கடலுக்குப் போயிருக்கிறார், திங்கள்கிழமைதான் வருவார்.

காதில் விழுந்தவை:

மெக்கானிக்: "பிரேக் நல்லாத்தான் பிடிக்குது. வண்டி மேல குத்தம் இல்ல."

இன்னொரு டிரைவர்: "மேக்காத்துல எவனும் ஆஃப் பண்ண மாட்டான். எஞ்சின் ஓடிக்கிட்டுத்தான் வந்திருக்கு. அந்தப் பொம்பள பாராம ஏறிருச்சு."

அண்ணன், வேன் ஓனரிடம்: "ஹாரன் அடிச்சுக்கிட்டே வந்தேன் அண்ணாச்சி. திரும்பியே பாக்கல."

பிலோமி அக்காவின் வீட்டுக்காரர்: "காது மந்தம்னு ஒரு வருசமாச் சொல்றேன், கேட்டாளா?"

பிலோமி அக்கா ஆஸ்பத்திரியில் எல்லாரிடமும் சொல்கிறாளாம், சத்தமே கேட்கவில்லை, சத்தமே கேட்கவில்லை என்று.

சாயங்காலம் அண்ணன் கொல்லையில் கை கழுவிக்கொண்டே மெதுவாகச் சொன்னான். எஞ்சின் ஓடாவிட்டால் பிரேக் இரண்டு தடவைதான் கேட்குமாம், அப்புறம் கல்லாகிவிடுமாம். அந்த இரண்டையும் முன்னாலேயே தொட்டுத் தீர்த்துவிட்டான். இது எந்தப் பாடத்தில் இருக்கிறது, தெரியவில்லை.

ஜூலை 14, திங்கள்

சித்தியோடு ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்கு. பஸ்ஸில் பாம்பன் பாலம் தாண்டும்வரை சித்தி வாய் மூடவில்லை. ஆரஞ்சு, பன். வார்டில் மருந்து வாடை. பி.அக்காவின் கால் மாவுக்கட்டில். முகம் சின்னதாகிவிட்டது. குரலும்.

"வாங்க. ஏ பூச்சி, நீயும் வந்தியா. இங்கன உக்காரு."

சித்தி பேசினாள், பக்கத்துக் கட்டில் பெண் பேசினாள், நர்ஸ் பேசினாள். சித்தி பாட்டிலில் தண்ணீர் பிடிக்கப் போன நேரம். அக்கா என் கையைப் பிடித்தாள்.

"நீ வண்டில முன்னாடிதான இருந்த. உள்ளதச் சொல்லு. உங்கண்ணன் ஹாரன் அடிச்சானா?"

கதவுப் பக்கம் அண்ணன் நின்றான். அவனும் வந்திருக்கிறான், எங்களுக்கு முன்பே. கையில் இளநீர். என்னைப் பார்த்தான்.

தலையாட்டினேன்.

ஆட்டினேனா, குனிந்தேனா, எனக்கே நிச்சயமில்லை. அவளுக்கு அது ஆமாம் என்று பட்டது. கையை விட்டாள்.

"அப்பச் சரி. காதுதான் போச்சு."

அழவில்லை. பக்கத்துக் கட்டில் பெண்ணைப் பார்த்து, "எங்கம்மாவுக்கும் கடைசில காது கேக்கல" என்றாள்.

ஜூலை 16, புதன்

கடை போட்டோம். காற்று குறையவில்லை. பி.அக்கா இடத்தில் வேறு யாரோ தொப்பிக் கடை விரித்துவிட்டார்கள். அங்கே அப்படித்தான். குடை நிற்காத இடம் யாருடைய இடமும் இல்லை. சித்தி சண்டைக்குப் போனாள். "அந்தக்கா வருமா இனி? அவுக வீட்டுக்காரரே வராதுன்னுதான் சொன்னாரு" என்றார்கள். அவர் சொல்லியிருக்கிறார். வீட்டோடு இருக்கட்டும், காது கேட்காதவள் ரோட்டோரம் என்ன யாவாரம் என்று.

பதினெட்டு வருடமாக அங்கே உட்கார்ந்திருப்பவள். அவள் வீட்டில் ஒரு நாள் சும்மா இருந்து யாரும் பார்த்ததில்லை.

வேனில் திரும்பும்போது அண்ணனிடம் கேட்டேன், "சொல்லிருவோமாண்ணே?"

"என்னத்த?"

"ஆஃப்ல வந்தத."

கியரை மாற்றினான். அப்புறம், "ஓனருக்குத் தெரிஞ்சா வண்டிய வாங்கிருவாரு. கேஸுன்னா லைசென்ஸும் போயிரும். அப்புறம் நானும் அய்யாகூட கடலுக்குத்தான் போகணும். எனக்குக் கடல் ஒத்துக்காதுன்னு தெரியும்ல ஒனக்கு" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. கெஞ்சுவது போலவும் இல்லை. மெலிந்துவிட்டான். ஆஸ்பத்திரிச் செலவெல்லாம் அவன்தான் பார்க்கிறான். தினமும் போய் அவள் கட்டில் பக்கத்தில் நின்றுவிட்டு வருகிறான்.

வாயை மூடிக்கொண்டிரு என்று அவன் சொல்லவில்லை. எனக்குச் சொல்ல வேண்டியதும் இல்லை.

ஜூலை 18, வெள்ளி

நேற்று ஆடி பிறந்தது. காற்றுக்குச் சொல்லவா வேண்டும்.

பி.அக்கா வீட்டுக்கு வந்துவிட்டாள். வருவதற்கு முன் காதுக்கும் பார்த்திருக்கிறார்கள். வயதுக்கு ஏற்றபடி கொஞ்சம் மந்தம், வேறு ஒன்றுமில்லை என்றார்களாம். கொஞ்சம் என்ற சொல்லைத் தெருவில் யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. மந்தம் மட்டும் எல்லார் வாயிலும்.

தண்ணீர்க் குழாயில் கேட்டது: "பேசும்போது கத்திப் பேசுங்கடி, பிலோமிக்குக் கேக்காது."

கத்திப் பேசுகிறார்களாம். அவளும் பேச்சைக் குறைத்துவிட்டாளாம். பேரப்பிள்ளையை வாசலில் நிற்க வைத்து மெதுவாகப் பேர் சொல்லச் சொல்கிறாளாம், கேட்கிறதா என்று பார்க்க. இதைச் சித்தி சிரித்துக்கொண்டே சொன்னாள். பிறகு அவளே நிறுத்திவிட்டாள்.

மத்தியானம் கூட்டமில்லை. பேப்பர்த் தட்டின் பின்பக்கம் படம் போட்டுப் பார்த்தேன். கீழே நேரம், மேலே வேகம். புதன்கிழமைக் கோடு சாய்வாக இறங்கி வண்டி நின்ற நேரத்தில் தரையைத் தொடுகிறது. வெள்ளிக்கிழமைக் கோடு அதே இடத்தில் ஆரம்பித்து, சோம்பலாக இறங்குகிறது. அக்கா மேல் பட்ட நேரத்தில் அது இன்னும் மேலே நிற்கிறது. அந்த உயரம்தான் அவள் கணுக்கால்.

புத்தகத்தில் தவறில்லை. எல்லாக் கேள்வியின் கீழேயும் 'காற்றுத்தடையைப் புறக்கணிக்கவும்' என்று போட்டிருக்கிறது. கணக்கு சுலபமாக இருக்க அப்படிச் சொல்லியிருக்கிறார்கள். அரிச்சல்முனைக்கு வந்து நின்று பார்த்தால் யாரும் அப்படி எழுத மாட்டார்கள். நான் இங்கேயே பிறந்தவள்.

மாங்காய் மீதம் நிறைய. ஊறுகாய் போடலாம் என்கிறாள் சித்தி. யார் கீறுவது.

ஜூலை 20, ஞாயிறு

பூசை முடிந்ததும் நேராகப் பி.அக்கா வீட்டுக்குப் போனேன். யாரிடமும் சொல்லவில்லை. வீட்டுக்குப் போய்விட்டு வரலாம் என்று நினைத்தால் போக மாட்டேன்.

கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்காரர் உள்ளே மீன் அரிந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "ஏ பூச்சி, கத்திப் பேசு, எனக்குக் கேக்காதாம்ல" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு நன்றாக இல்லை.

நான் நின்றேன். போர்டுக்கு முன்னால் நின்றது போலவே. அவள் என்னென்னவோ கேட்டாள். கடை, சித்தி, தொப்பிக் கடைக்காரர்கள். கடைசியில் தரையைப் பார்த்துச் சொன்னேன். மெதுவாகத்தான் வந்தது.

"வண்டி ஆஃப்ல வந்துச்சுக்கா. ஹாரன் அடிக்கல."

உள்ளே அரிவாள்மனைச் சத்தம் நின்றது. அவருக்குக் கேட்டுவிட்டது. ஆனால் அவருக்கு முன்னால் அவளுக்குக் கேட்டுவிட்டது.

"என்னடி சொன்ன?"

மறுபடி சொன்னேன்.

"மேக்காத்துலயா?"

"ஆமா."

சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அலை சத்தம் கேட்டுச்சுடி எனக்கு. பின்னாடி எவளோ இந்தில சிரிச்சது கேட்டுச்சு. ஒரு காக்கா கத்துச்சு. எல்லாம் கேட்டுச்சு, வண்டி மட்டும் கேக்கல. அது எப்பிடி ஒரு காது அப்பிடிப் போகும்னு கெடந்து கெடந்து யோசிச்சேன். பைத்தியம் பிடிச்சிரும்போல இருந்துச்சு." திரும்பி வீட்டுக்காரரைப் பார்த்து, பழைய குரலில், தெருவுக்கே கேட்கும்படி, "என்னய்யா, கேட்டுச்சா? மந்தம் எனக்கா ஒனக்கா?"

அவர் கையில் மீனோடு நின்றார்.

நல்லது நடந்துவிட்டது என்று நினைத்தேன். அப்போது என் பக்கம் திரும்பினாள்.

"நீ தலையாட்டினியேடி."

வாசல் பக்கம் பார்த்தேன்.

"அம்புட்டு நேரம் கையப் பிடிச்சுக்கிட்டுக் கேட்டேன். தலையாட்டின."

"அக்கா..."

"உங்கண்ணன வரச்சொல்லு. அவன்கிட்டப் பேசிக்கிறேன். நீ வராத."

அண்ணனிடம் போய் நானே சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கையை உதறிவிட்டுச் சட்டையைப் போட்டான். அடிப்பான் என்று நினைத்தேன். என்னைச் சுற்றிக்கொண்டு போனான், ஒரு சாமானைச் சுற்றிப் போவது போல.

ஜூலை 22, செவ்வாய்

அரசு பஸ்ஸில் போனேன். வேன் இல்லை. நேற்று ஓனர் சாவியை வாங்கிக்கொண்டார். கேஸ் வேண்டாம், வைத்தியம் முடியும்வரை அண்ணன் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அக்காவே சொல்லிவிட்டாளாம். அண்ணன் எல்லார் முன்னாலும் ஒத்துக்கொண்டானாம். அடுத்த வாரம் அய்யாவோடு கடலுக்கு.

முனையில் பி.அக்காவின் குடை நிற்கிறது. அவள் இல்லை, குடை மட்டும். வீட்டுக்காரரே வந்து நட்டு, காம்பில் கல்லைக் கட்டிவிட்டு, தொப்பிக் கடைக்காரர்களை ஒன்றும் சொல்லாமல் அவர்கள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அவர்கள் தாமாக நகர்ந்தார்கள். மத்தியானம் வரை அன்னாசி வெட்டினார். கோணல் கோணலாக. சித்தி சிரித்துவிட்டாள். அவர் என்னிடம் பேசவில்லை. உப்பு வேண்டியிருந்தபோது மட்டும் கையை நீட்டினார்.

டிரைவர்கள் யாரும் எஞ்சினை அணைக்கவில்லை. ஒவ்வொரு வேனும் சத்தத்தோடு வந்து நின்றது.

சாயங்காலம் வீட்டில் அம்மா சோறு போட்டாள். அண்ணன் வாசலில் உட்கார்ந்து அய்யாவின் பழைய ரெயின்கோட்டைத் தைத்துக்கொண்டிருந்தான். இரண்டு நாளில் முதல் பேச்சு, ஊசியைப் பார்த்தபடியே.

"காத்தப் பத்திக் கேட்டாக. மேக்காத்துல ஏண்டா ஆஃப் பண்ணுனன்னு."

நான் தட்டை வைத்துக்கொண்டு நின்றேன்.

"எங் கொழுப்புன்னு சொல்லிட்டேன். நீ சொன்னதச் சொல்லல. நீயும் சொல்லிக்கிட்டுக் கெடக்காத. பழி ஒருத்தன் மேல போனா போதும்."

நூலைப் பல்லால் கடித்தான். அவ்வளவுதான்.

சோறு பாதியில். பசியில்லை. காலெல்லாம் வலி, பஸ்ஸில் நின்றே வந்தது. பி.அக்கா வராதே என்றாள். இன்னும் இருட்டவில்லை. காற்றைச் சேர்க்க வேண்டாம் என்றது நான்தான் என்று போய்ச் சொல்லிவிட்டு வர வெளிச்சம் இருக்கிறது. போகிறேன்.